புறம்போக்கு அலைவரிசை

மத்தியானம் ஒரு மணி வாக்கில் அம்மா சாம்பார்க் கிண்ணத்தை மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்துப் பொத்தானை அழுத்துவார். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் என் காதில் பாட்டு திக்கித் திக்கி வரும். ஒன்றரை நிமிடத்தில் அடுப்பு 'பீப்' என்றதும் பாட்டு பழையபடி ஓடத் தொடங்கும். ஹெட்செட் பழுது என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கைதான் கண்டுபிடித்தாள். "அக்கா, அடுப்பு ஓடுறப்போ மட்டுந்தான் இப்படி ஆகுது, கவனிச்சியா?"

அவள் சொன்னது சரி. சாம்பாரைச் சுடவைக்கும் அலையும் என் காதுக்குப் பாட்டைக் கொண்டுவரும் அலையும் ஒரே இனம், ஏறத்தாழ ஒரே அதிர்வெண். நொடிக்கு 240 கோடி தடவைக்குச் சற்று மேல் அதிரும் ரேடியோ அலை; அலையின் நீளம் ஒரு சாண் கூட இல்லை, 12 சென்டிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ரூட்டர் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதும் இதைத்தான். வயரில்லாத மவுஸ், கம்ப்யூட்டர் கீபோர்டு, விளையாட்டு கன்ட்ரோலர், பொம்மை ட்ரோன், ஸ்மார்ட் பல்பு என்று வீட்டில் உள்ள பல சாதனங்கள் இந்த ஒரே இடத்தில்தான் பேசிக்கொள்கின்றன. வானத்தில் இவ்வளவு இடம் இருக்க, ஏன் எல்லாமே இங்கு வந்து நெருக்குகின்றன?

நம் வருவாய்த் துறைக் கணக்கிலேயே இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஒருவர் பெயரில் பதிவாகித் தீர்வை கட்டும் நிலம் பட்டா நிலம். யார் பெயரிலும் இல்லாமல் ஊரார் எல்லோருக்குமாக விட்டுவைத்தது புறம்போக்கு: ஏரி, வண்டிப் பாதை, மந்தைவெளி, களத்துமேடு. இந்த அருமையான சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம். ஊரின் மாடும் ஆடும் பிழைத்ததும், மழைநீர் தங்கியதும் அந்த நிலத்தில்தான்.

அலைவரிசையிலும் குத்தகை நிலம் உண்டு. அலைக்கற்றை ஏலம் என்ற பேச்சு நமக்குப் பழகியதே. 2022 ஆகஸ்ட் 1 அன்று முடிந்த 5ஜி ஏலத்தில் செல்பேசி நிறுவனங்கள் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றையை எடுத்தன, 20 ஆண்டுக் குத்தகைக்கு. அந்த எல்லைக்குள் வேறு யாரும் அலை விடக்கூடாது, விட்டால் குற்றம். எஃப்எம் வானொலிக்கும் விமானத்துக்கும் காவல்துறைக்கும் இப்படித் தனித்தனி வேலி உண்டு. இந்த வேலிகளுக்கு நடுவே 2.4இலிருந்து 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரு சிறு துண்டு வெட்டவெளியாகக் கிடக்கிறது. அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2005 ஜனவரியில் வந்த விதிகள் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு இங்கே உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்டன. அதனால்தான் கடையில் ஒரு ரூட்டரை வாங்கி வந்து, யாரிடமும் மனுப் போடாமல், அன்றைக்கே வீட்டில் மாட்ட முடிகிறது.

இந்தத் துண்டு பொதுவானதற்குக் காரணமே அந்தச் சமையல் அடுப்புதான் என்பது எனக்கு இன்னமும் வியப்பு. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் ராடாருக்கான மேக்னட்ரான் குழாய்களில் வேலை செய்துகொண்டிருந்தார். இயங்கும் குழாய்க்கு அருகே நின்றபோது அவர் பையிலிருந்த மிட்டாய் உருகியது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அவர் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். சோளத்தைப் பொரித்துப் பார்த்தார். அந்த ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், சுமார் 340 கிலோ எடை. அதே 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக வானொலி மாநாடு, தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகள் அலையைக் கசியவிட்டுக்கொள்ளலாம் என்று சில இடங்களை ஒதுக்கியது. 2450 மெகாஹெர்ட்ஸை நடுவாகக் கொண்ட துண்டு அவற்றில் ஒன்று. அங்கே வானொலித் தொடர்பு நடத்துபவர்கள் வரும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. சூடாக்கும் கருவிகள் ஓயாமல் இரைச்சல் போடும் இடம். யார் அங்கே போய்ப் பேசப்போகிறார்கள் என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்துவிட வேண்டும். தண்ணீர் மூலக்கூறு 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஒத்ததிரும், அதனால்தான் அந்த எண் என்று பாடம் எடுப்பவர்கள்கூடச் சொல்வதுண்டு. அப்படி இல்லை. அறை வெப்பத்தில் தண்ணீர் ரேடியோ அலையை மிகத் தீவிரமாக விழுங்குவது 20 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில். அந்த அலையில் சமைத்தால் வெப்பமெல்லாம் மேல்தோலிலேயே தங்கிவிடும். உருளைக்கிழங்கின் தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் அவ்வளவு ஆவலாக விழுங்குவதில்லை. அதனால் அது சில சென்டிமீட்டர் உள்ளே போய்ச் சூட்டைப் பரப்ப முடிகிறது. தொழிற்சாலைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் அடுப்புகளும் நன்றாகவே வேலை செய்கின்றன.

அடுப்பின் கதவில் இருக்கும் சல்லடைத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டை. 12 சென்டிமீட்டர் அலைக்கு அது ஓட்டையே அல்ல, சுவர். அதைவிட மிகமிக நுண்ணிய அலையான வெளிச்சம் தடையில்லாமல் வெளியே வருவதால் உள்ளே கிண்ணம் சுற்றுவது நமக்குத் தெரிகிறது. ஆனால் கதவின் விளிம்பில் துளி கசியும். உள்ளே 800 வாட் சக்தி என்று வைத்துக்கொண்டால் அதில் லட்சத்தில் ஒரு பங்கு 8 மில்லிவாட். என் ஹெட்செட் வெளியிடும் சக்தியோ இரண்டு மில்லிவாட் அளவு. உடம்புக்கு ஒன்றும் செய்யாத அந்தச் சிறு கசிவு, ஹெட்செட்டின் காதுக்குப் பக்கத்தில் நின்று நான்கு பேர் ஒன்றாகக் கத்துவதுபோல.

'உடம்புக்கு ஒன்றும் செய்யாத' என்று ஒரே சொல்லில் கடந்துபோவது சரியல்ல. பலருக்கு இந்தப் பயம் உண்மையாகவே இருக்கிறது. ஒரு மூலக்கூறின் பிணைப்பை அறுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரியனின் புறஊதாக் கதிரில் ஒவ்வொரு ஃபோட்டானும் அந்த அளவு கொண்டுவருகிறது. 2.45 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்றிடம் இருப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. எத்தனை கோடி சேர்ந்தாலும் அவை செய்வது சூடாக்குவதுதான், அறுப்பதல்ல. சூடாக்குவதற்கும் பூட்டிய பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வாட் தேவை. ரூட்டர் விடுவது பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு; அதுவும் வீடெங்கும் பரவி நீர்த்துவிடும்.

எவ்வளவு நீர்த்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். செல்பேசியில் சில செயலிகள் வைஃபை வலிமையை மைனஸ் 70 டிபிஎம் என்பதுபோல் காட்டும். ரூட்டரிலிருந்து 100 மில்லிவாட்டாகப் புறப்பட்டது, படுக்கையறைக்கு வரும்போது அதில் நூறு கோடியில் ஒரு பங்கு என்று அதற்குப் பொருள். அந்தத் துளியைக் கொண்டுதான் பேரன் அமெரிக்காவிலிருந்து பாட்டியோடு வீடியோவில் பேசுகிறான். இவ்வளவு சிறிய சிக்னலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் திறமைதான் இந்தப் பொறியியலின் உயிர்.

அந்தத் திறமை வளர்வதற்கான கதவை ஓர் அரசு விதி திறந்தது. 1985 மே மாதம் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம், மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளரின் விடாமுயற்சியால், இந்தக் குப்பைமேட்டில் உரிமம் இல்லாமல் யாரும் பேசலாம் என்று அனுமதித்தது. சக்தி ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது. பேச்சை ஒரே இடத்தில் குவிக்காமல் அகலமாகப் பரப்ப வேண்டும். இவ்வளவுதான் விதி. யார் பேச வேண்டும், என்ன கருவி செய்ய வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் 1997இல் வைஃபையின் முதல் தரம் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வந்தது. 1999இல் 11 மெகாபிட் ஆனது. கோடிகள் கொட்டி ஏலம் எடுத்த நிலத்தில் விளைந்ததற்குக் குறையாத விளைச்சல் இந்தப் பொதுநிலத்தில் விளைந்திருக்கிறது என்பேன். பொதுவில் விட்டால் பாழாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான்.

பாழாகாமல் இருப்பதற்குக் காரணம் அங்கே பழகும் முறை. ப்ளூடூத்தின் முறை ஓரிடத்தில் நிற்காமல் தாவுவது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்து எரிக்சன் கூடத்தில் 1994இல் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் இந்த வேலையைத் தொடங்கினார். துண்டு நிலத்தை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 பாத்திகளாகப் பிரித்தார்கள். செல்பேசியும் ஹெட்செட்டும் நொடிக்கு 1600 தடவை பாத்தி மாறும்; எந்த வரிசையில் என்பது அவை இரண்டுக்கு மட்டும் தெரியும். ஒரு பாத்தியில் இடைஞ்சல் வந்தாலும் அந்த 625 மைக்ரோ நொடிதான் வீண். அடுத்த நொடித்துணுக்கில் வேறிடம். 2003இல் வந்த பதிப்பு இன்னும் பக்குவப்பட்டது. எந்தப் பாத்தியில் பக்கத்து வீட்டு வைஃபை உட்கார்ந்திருக்கிறது என்று கவனித்து அதைத் தன் வரிசையிலிருந்தே நீக்கிக்கொள்கிறது. இதனால் தானும் பிழைக்கிறது, பக்கத்து வைஃபைக்கும் தொல்லை குறைகிறது.

தாவும் யோசனை பழையது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942இல் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார்கள். கடலில் செலுத்தும் டார்பிடோவுக்கு ரேடியோ கட்டளை அனுப்பினால் எதிரி அதைக் குழப்பிவிடுவான். பியானோச் சுருள் போன்ற துளையிட்ட காகித நாடாவை இரு முனையிலும் ஒரே வேகத்தில் ஓட்டி அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தால் அவனால் குழப்ப முடியாது. பியானோவுக்கு 88 கட்டைகள், அவர்கள் திட்டத்திலும் 88 அலைவரிசைகள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. ப்ளூடூத்தை லமார் கண்டுபிடித்தார் என்று இன்று பரவும் செய்தி மிகை. தாவுவதை யோசித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த அளவுக்கே அவர் பெரிய மரியாதைக்குரியவர்.

வைஃபை அப்படித் தாவுவதில்லை. அது வரிசையில் நிற்கும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசினால் சும்மா இருக்கும். அமைதியானதும் உடனே பாயாது. அப்படிப் பாய்ந்தால் காத்திருந்த எல்லோரும் ஒன்றாகக் குடத்தை நீட்டுவார்கள். ஒவ்வொரு கருவியும் தனக்குள் ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அவ்வளவு நேரம் பொறுத்து, பிறகு பேசும். மோதினால் மறுபடி, இன்னும் அதிக நேரம் பொறுக்கும். யாரும் நின்று மேய்க்காத வரிசை இது.

அடுக்குமாடி வீடுகளில் வரும் குழப்பத்தின் வேர் இங்கேதான். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 13 சேனல்கள் உண்டு என்று ரூட்டர் காட்டும். பதின்மூன்று தனி அறைகள் என்று எண்ணிவிடக்கூடாது. சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஒவ்வொன்றும் பேசுவதற்கு எடுத்துக்கொள்வதோ 20. ஆகவே ஒன்றின்மேல் ஒன்று படியாமல் இருக்க வழக்கமாக எடுத்துக்கொள்பவை 1, 6, 11 ஆகிய மூன்று. கீழ்வீடு 1இல் இருக்கிறது, எதிர்வீடு 6இல் இருக்கிறது, நாம் ஒதுங்கி 3இல் இருப்போம் என்று நல்லெண்ணத்தோடு மாற்றுபவர்கள் இரண்டு வீட்டையும் கெடுத்துத் தாங்களும் கெடுகிறார்கள். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்களுக்கு ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். புரிவதால் வரிசை கட்டி முறை வைத்துப் பேசும். பாதி படிந்த சேனலின் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். வரிசையில் சேராமல் பக்கவாட்டில் நின்று இடிப்பதற்கு அது சமம். கூட்டமாக இருந்தாலும் 6இல் போய் நிற்பதே எல்லோருக்கும் நல்லது.

அலைகளின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். செல்பேசியைப் பின்பையில் வைத்துக்கொண்டு மெரினா மணலில் நடக்கும்போது காதில் பாட்டு விட்டுவிட்டு வரும். அதே செல்பேசி, அதே பை, வீட்டுக்குள் நன்றாக ஓடும். வெட்டவெளியில்தானே தெளிவாகக் கேட்க வேண்டும்? நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலையை நன்றாகவே விழுங்கும். பின்பையிலிருந்து கிளம்பிய அலைக்குக் காதை அடைய நேர்வழி இல்லை. வீட்டுக்குள் அது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, சுற்றி வந்து காதைத் தொடுகிறது. கடற்கரையில் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. செல்பேசியை முன்பையில், முக்கியமாகப் பாட்டை வாங்கும் காது இருக்கும் பக்கம் மாற்றினால் போதும்.

ஆனால் எதிரொலி உதவியே செய்துகொண்டிருப்பதில்லை. ஒரே செய்தி நேராக ஒருமுறை, பீரோவில் பட்டு ஒருமுறை, கூரையில் பட்டு ஒருமுறை என்று முன்பின்னாக வந்தால் குழம்பும். ஓரிடத்தில் இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் அங்கே சிக்னல் செத்துவிடும். மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் உயிர் வரும். மேசையில் செல்பேசியைக் கொஞ்சம் தள்ளிவைத்ததும் வீடியோ ஓடுவது இதனால்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி கண்டவர்களில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்து ஜான் ஓசல்லிவன் குழுவும் உண்டு. அவர் அதற்கு முன் வெடித்துச் சிதறும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ துடிப்பைத் தேடியவர். விண்வெளித் தூரத்தில் இழுபட்டு மங்கிய துடிப்பை மீட்கும் கணிதம் கையிலிருந்தது. கருந்துளை அகப்படவில்லை. செய்தியைப் பல மெல்லிய இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் மெதுவாக அனுப்பினால் எதிரொலி அதைக் கெடுக்காது என்று அந்தக் குழு 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. இன்றைய வைஃபை வேகத்தின் அடித்தளம் அது.

இவ்வளவும் தெரிந்தபின் வீட்டைச் சுற்றிப் பார்த்தால் குற்றவாளிகள் தாமாகக் கண்ணில் படுவார்கள். ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னால் ஒளித்துவைப்பது நம் ஊர்ப் பழக்கம். உலோகம் அலையை அப்படியே திருப்பிவிடும். நிலைக்கண்ணாடியின் முதுகில் பூசிய வெள்ளியும் அப்படியே. மீன்தொட்டி விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் செங்கல் சுவரைவிடக் கொடியது. எல்லாவற்றிலும் நான் எதிர்பாராதது யுஎஸ்பி 3. மடிக்கணினியின் நீலநிறத் துளையில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, பக்கத்துத் துளையிலேயே வயரில்லா மவுஸின் டாங்கிளையும் செருகினால், கோப்பு நகலாகும்போது சுட்டி இழுத்து இழுத்து நகரும். நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் அந்த வயரின் இரைச்சல் நேராக 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுவதை இன்டெல் 2012இல் ஒரு வெள்ளை அறிக்கையாகவே வெளியிட்டது. டாங்கிளை மறுபக்கத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எத்தனை மவுஸ்கள் இதனால் அநியாயமாகக் குப்பைக்குப் போயிருக்கும்!

நெருக்கடிக்கு வடிகாலாக 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறது. 2018இல் இந்தியா அதில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமில்லாமல் திறந்தது. பழைய துண்டைப்போல் ஏழு மடங்குக்கு மேல். வீட்டு வைஃபைப் பெயரின் பின்னால் '5ஜி' என்று தெரிவது இதுதான். செல்பேசி டவரின் 5ஜிக்கும் இதற்கும் உறவில்லை. அங்கே ஐந்தாம் தலைமுறை, இங்கே ஐந்து கிகாஹெர்ட்ஸ். இதன் அலை சிறியது, சுவரைத் தாண்டுவதில் சோம்பல். அதைக் குறை என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அடுக்குமாடியில் அதுவே வரம். பக்கத்து வீட்டுப் பேச்சு நம் வீட்டுக்குள் அதிகம் வராது, நம்முடையது அங்கே அதிகம் போகாது. டிவியையும் மடிக்கணினியையும் அதற்கு மாற்றிவிட்டு, ஸ்மார்ட் பல்பு போன்ற சில்லறைப் பேச்சுக்காரர்களுக்குப் பழைய துண்டை விடலாம்.

ஹெட்செட்டுக்கு அந்த வழி இல்லை; ப்ளூடூத் 2.4ஐ விட்டு நகராது. எங்கள் அடுப்பு பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம்தான் அதன் மேக்னட்ரான் இயங்கும். 10 மில்லிநொடி இரைச்சல், 10 மில்லிநொடி அமைதி. அந்த அமைதியில் தப்பிவரும் துணுக்குகளைக் கோத்துத்தான் பாட்டு திக்கித் திக்கியாவது வந்திருக்கிறது. இப்போது செல்பேசியைச் சமையல் மேடையில் விடாமல் முந்தானைப் பக்கம் இடுப்பில் செருகிக்கொள்கிறேன். காதுக்கும் அதற்கும் தூரம் குறைந்ததும் அடுப்பின் குரல் அமுங்கிவிட்டது.

எங்கள் மாடியில் நான்கு வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீடு வீடாகப் போய் ரூட்டர்களைப் பார்த்தாள். 2, 4, 6, 9 என்று ஆளுக்கொரு சேனலில் இருந்தன. முதல் வீட்டு மாமாவிடம் குழாயடி வரிசைக் கதையைச் சொல்லி 1க்கு மாற்றினாள். அடுத்த வீடு 6, மூன்றாவது 11. கடைசி வீடான எங்களுக்குத் தனி இடம் மிச்சமில்லை. எதிர்வீட்டு அத்தையின் 6இலேயே நாங்களும் நிற்கிறோம்.